கார் திரும்பும்போது கரகர சத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை அம்பத்தூர் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை வாங்கி ஜாப் கார்டு (குறைகளையும் செய்ய வேண்டிய வேலையையும் குறிக்கும் சீட்டு) எழுதுவது என் வேலை. வருகிறவர்கள் சொல்லும் குறைகளில் 'திரும்பும்போது சத்தம்' வாரம் தவறாமல் வரும், மழைக்காலம் என்றால் தினமும் வரும், கேள்விகளும் அநேகமாக அதே கேள்விகள்தான். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலும் போட்டிருக்கிறேன். எங்கோ ஒரு இடத்தில் ஏதோ ஒரு பார்ட்டை மாற்றிவிட்டு, சத்தம் போகாமல், காசும் போய் நிற்கிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. அந்தச் செலவு இன்னொருவருக்கு ஆகக் கூடாது.

சார், வண்டி திரும்பும்போது மட்டும் கரகரன்னு சத்தம் வருது. என்ன போயிருக்கும்?

இதை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது, சொன்னால் அது ஊகம்தான். நேராகப் போகும்போது இல்லாத சில விஷயங்கள் திரும்பும்போது நடக்கின்றன. வண்டியின் எடை வெளிப்பக்கச் சக்கரங்கள் மேல் சாய்கிறது, அங்கே சக்கரம் சுழல உதவும் வீல் பேரிங் தேய்ந்திருந்தால் அப்போதுதான் நன்றாகக் கேட்கும். முன் சக்கரத்தின் கோணம் மாறுகிறது, அதோடு ஆக்சிலின் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) மூட்டான சிவி ஜாயிண்ட், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் பால் ஜாயிண்ட், ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்ட் எல்லாம் அசைகின்றன, டயரும் உள்பக்க பிளாஸ்டிக்கை நெருங்குகிறது. ஆயிலில் ஓடும் பவர் ஸ்டியரிங்காக இருந்தால் பம்புக்குச் சுமை கூடுகிறது.

இவற்றில் எது என்று கண்டுபிடிக்க, சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதுதான் அதிகம் உதவும். 'கரகர' என்று ஒருவர் சொல்வதை இன்னொருவர் 'உர்ர்' என்பார், ஆனால் 'ஐம்பதில் போகும்போது வலது வளைவில் மட்டும்' என்று சொன்னால் யார் கேட்டாலும் ஒரே அர்த்தம்தான்.

அப்போ எதையெல்லாம் கவனிச்சுட்டு வரணும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளில்லாத ஒரு இடமாகப் பாருங்கள். ஏசி, பாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்குங்கள். முதலில் வண்டி நின்றபடியே, இன்ஜின் ஓட, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். அடுத்து முழுக்கத் திருப்பி வைத்து, ஊர்ந்து போகிற வேகத்தில் இடது பக்கம் ஒரு வட்டம், வலது பக்கம் ஒரு வட்டம். அதன் பிறகு காலியான சாலையில் நாற்பது ஐம்பதில் போய் லேசாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வளையுங்கள். சத்தம் வரும்போது பிரேக்கை மெல்லத் தொட்டுப் பாருங்கள், சத்தம் மாறுகிறதா நிற்கிறதா என்று. அப்புறம் கியரை நியூட்ரலில் போட்டு உருளவிட்டால் சத்தம் தொடர்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு காம்பவுண்டுச் சுவரை ஒட்டி மெதுவாகப் போனால் அந்தப் பக்கச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்து தெளிவாகக் கேட்கும், எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள நல்ல வழி. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் போனில் பதிவு செய்துகொள்ளட்டும், வேகத்தையும் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பதையும் வாயால் சொல்லிக்கொண்டே பதிவு செய்தால் இன்னும் நல்லது.

நாளைக்கு திருச்சி போகணும். இந்தச் சத்தத்தோட ஓட்டலாமா?

டயர் கழற்றி மாட்டியதற்கோ பஞ்சர் போட்டதற்கோ பிறகு தொடங்கிய சத்தம் என்றால் இதைப் படித்து முடிப்பதற்கு முன் கீழே இறங்கி வீல் நட்டைப் பாருங்கள். நட்டு லூசாக இருந்தாலும் திரும்பும்போது கடகட என்றுதான் தொடங்கும்.

பிரேக் போடும்போது இரும்பும் இரும்பும் உரசுகிற நறநற, ஸ்டியரிங்கில் தளர்வு, பள்ளத்தில் இறங்கினால் கீழே 'டொக்' என்று அடிப்பது, சக்கரம் ஆடுவது, இதில் ஒன்று இருந்தாலும் திருச்சிக்குப் போகும் ஜிஎஸ்டி ரோட்டில் ஏற வேண்டாம். பால் ஜாயிண்ட் விட்டுப்போனால் முன் சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்துவிடும், அந்த நேரத்தில் ஸ்டியரிங் உங்கள் பேச்சைக் கேட்காது. பேரிங் முழுக்க ஆட்டம் கண்ட நிலையிலும் அதே எச்சரிக்கைதான். லேசான உறுமல் மட்டும், ஆட்டம் எதுவும் இல்லை என்றால் பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை மெதுவாக ஓட்டி வரலாம், திருச்சிக்கு வேறு வண்டி பார்த்துக்கொள்ளுங்கள்.

இடது பக்கம் திரும்பினா சத்தம், வலது பக்கம் திரும்பினா இல்ல. அப்போ இடது வீல்தானே?

பேரிங்காக இருந்தால் பெரும்பாலும் வலது. இடது பக்கம் திரும்பும்போது எடை வலது பக்கச் சக்கரங்கள் மேல் ஏறும், தேய்ந்த பேரிங் சுமை ஏறும்போது அதிகம் உறுமும். சென்னையில் இதைச் சோதிக்க வசதியான இடம் கத்திப்பாரா, பாடி மாதிரியான பாலங்கள். நாம் இடது ஓரம் ஓட்டுகிறவர்கள், அதனால் அந்த வளையங்கள் இடது பக்கமாகவே நெடுநேரம் சுற்றும். வளையத்தில் ஏறியதும் உறுமல் கூடி, பாலத்திலிருந்து நேர் சாலையில் இறங்கியதும் குறைந்தால் வலது பக்கத்தை முதலில் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் இது நூற்றுக்கு நூறு பொருந்தும் விதி கிடையாது, சில பேரிங் சுமை குறையும்போது சத்தம் போடும். டயர் உரசல், டக் டக் சத்தம் போன்றவற்றுக்கு இந்தக் கணக்கை வைத்து முடிவுக்கு வரவே வேண்டாம், அவற்றைக் கண்ணால் பார்க்கத்தான் வேண்டும். அதனால்தான் பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு யாராவது பார்ட் ஆர்டர் போட்டால் ஒரு நிமிடம் நிறுத்தி வண்டியைத் தூக்கிப் பார்க்கச் சொல்கிறேன்.

பேரிங்தான்னு உறுதியா எப்படித் தெரிஞ்சுக்கறது?

பேரிங் சத்தம் இன்ஜின் வேகத்தோடு போகாது, வண்டியின் வேகத்தோடு போகும். முப்பது நாற்பதில் மெல்லத் தொடங்கி, தூரத்தில் மாவு மில் ஓடுவது போல ஒரே சீராக, வேகம் கூடக் கூட ஏறும். நியூட்ரலில் போட்டாலும் நிற்காது.

வண்டியைத் தூக்கியதும் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். ஆட்டம் இருந்தால் சந்தேகம் உறுதியாகும், ஆனால் ஆட்டம் இல்லாததால் பேரிங் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது, இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இன்னொரு சோதனை உண்டு. ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, இன்னொரு கையின் விரல்களை ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங் மேல் லேசாக வைக்க வேண்டும். நல்ல பேரிங் என்றால் ஸ்பிரிங்கில் ஒன்றுமே தெரியாது. போன பேரிங் என்றால் மணல் மேல் ஏதோ உருளுகிற மாதிரி ஒரு நடுக்கம் விரல் நுனியில் ஏறும். காதுக்குக் கேட்காத நிலையிலேயே விரலுக்குத் தெரிந்துவிடும். உடனே அடுத்த பக்கச் சக்கரத்தையும் அதே மாதிரி சுற்றி ஒப்பிட்டுப் பாருங்கள், அப்போது சந்தேகமே இருக்காது. பின் சக்கர பேரிங்கும் இதே சத்தம்தான் போடும் என்பதை மறந்துவிடக் கூடாது, முன்பக்கம் இரண்டும் சுத்தமாக இருந்தால் பின்னால் போங்கள்.

வீட்டில் செய்து பார்ப்பவர்களுக்கு: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ விட வேண்டாம். கீழே ஸ்டாண்டு வேண்டும், அது இல்லாவிட்டால் இந்தச் சோதனை வீட்டில் வேண்டாம்.

டயர் தேய்ஞ்சாலும் இதே மாதிரிதான் உறுமும்னு சொல்றாங்களே?

உண்மைதான். டயர் மேடு பள்ளமாகத் தேய்ந்தால் வரும் சத்தம் பேரிங்கை அப்படியே ஒத்திருக்கும், இதனால் நல்ல பேரிங்கைக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு. சாலையை மாற்றிப் பாருங்கள். கான்கிரீட் சாலையிலிருந்து புதுத் தார் சாலைக்கு வந்ததும் சத்தத்தின் தன்மையே மாறினால் டயர். எந்தச் சாலையானாலும் அதே குரல், வளைவில் கூடிக் குறைகிறது என்றால் பேரிங்.

டயரைக் கையால் தடவிப் பாருங்கள், ஒரு திசையில் வழவழவென்றும் எதிர்த் திசையில் ரம்பம் போலக் குத்துவதுமாக இருந்தால் அதுதான் காரணம். முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டு, சத்தமும் கூடவே இடம் மாறினால் பேரிங்குக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை.

மழைத் தண்ணில ஓட்டினதுக்கு அப்புறம்தான் இந்தச் சத்தமே வந்தது. தண்ணியால பேரிங் போகுமா?

போகும், ஆனால் அன்றைக்கே போகாது. ஓடிச் சூடான பேரிங் சட்டென்று தண்ணீரில் மூழ்கினால் உள்ளே உள்ள காற்று குளிர்ந்து சுருங்கி, ரப்பர் சீலின் ஓரமாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். கிரீஸ் நீர்த்துப்போகும், அப்புறம் உள்ளே துரு பிடிக்கும், உருளைகள் ஓடும் பாதையில் சின்னச் சின்னக் குழி விழும். சத்தம் வர வாரங்கள் ஆகலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனை வண்டிகள் தண்ணீரில் நின்றன என்று எல்லோருக்கும் தெரியும். மழை அறிவிப்பு வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தின் மேல் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அது இன்ஜினை மட்டும் காப்பாற்றவில்லை, பேரிங்கையும் சேர்த்துத்தான் காப்பாற்றியது.

தண்ணீரில் போய் வந்த அடுத்த நாளே நறநறத்தால் அது பெரும்பாலும் வேறு. ஒன்று, பிரேக் டிஸ்கில் ஏறிய மேல்துரு. காலையில் நாலைந்து முறை பிரேக் போட்டதும் போய்விடும், பயப்பட வேண்டாம். பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை மாதிரி கடலோரத்தில் நிறுத்தி வைக்கும் வண்டிகளுக்கு மழை இல்லாமலே இது வரும். இன்னொன்று, டயருக்கு மேலே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் லைனர். சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும்போது தண்ணீரின் வேகம் அதன் கிளிப்புகளைப் பிய்த்துவிடும், தொங்குகிற லைனர் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது டயரில் உரசும். ஸ்டியரிங்கைத் திருப்பி வைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள், லைனரில் பளபளவென்று ஒரு தேய்ந்த தடம் தெரிந்தால் கண்டுபிடித்தாயிற்று. நாலு கிளிப் போட்டால் தீரும் வேலை. இதற்குப் பேரிங் மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

யூ-டர்ன் அடிக்கும்போது டக் டக் டக்குனு கேக்குது. நேரா போனா ஒண்ணுமில்ல.

முன் சக்கரம் இழுக்கும் வண்டியா? ஸ்விஃப்ட், வேகன்ஆர், ஐ10, ஐ20 மாதிரி சின்னக் கார்கள் எல்லாம் அப்படித்தான். அதில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது டக் டக் என்று வந்தால், வேகத்துக்கு ஏற்ப அடி நெருங்கினால், ஆக்சிலின் சக்கரப் பக்க சிவி ஜாயிண்ட் என்று முதலில் சந்தேகப்படலாம். இங்கே பக்கத்தைக் காதால் கண்டுபிடிக்க முயல வேண்டாம், பூட்டைப் பாருங்கள். பூட் என்பது அந்த ஜாயிண்டை மூடியிருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் மடிப்பு விரியும், கிழிசல் இருந்தால் அப்போது தெரியும். கிழிந்த பூட்டிலிருந்து கிரீஸ் சுழன்று தெறிக்கும், அதனால் ரிம்மின் உள்பக்கத்தில் கறுப்பாக வட்டமாக ஒரு கிரீஸ் தடம் படிந்திருக்கும். விரலால் தொட்டால் வழவழப்போடு நறநறவென்று மணலும் சேர்ந்து வரும், அந்த மணல்தான் ஜாயிண்டை அரைக்கிறது.

பழைய இன்னோவா, பொலேரோ, ஈகோ மாதிரி பின் சக்கரத்தில் ஓடும் வண்டிகளில் முன்னால் இந்த ஆக்சிலே கிடையாது, நாலு சக்கரமும் இழுக்கும் மாடல்களைத் தவிர. அந்த வண்டிக்காரரிடம் யாராவது முன் சிவி ஜாயிண்ட் போய்விட்டது என்று சொன்னால் வேறு இடம் பாருங்கள்.

பூட் மட்டும் மாத்தினா போதுமா, ஆக்சிலையே மாத்தணுமா?

சத்தம் வருவதற்கு முன் கிழிசலைக் கண்டுபிடித்திருந்தால் பூட் மாற்றி, ஜாயிண்டைக் கழுவி, அதற்கென்று உள்ள கிரீஸ் நிரப்பினால் போதும், பல வருஷம் ஓடும். டக் டக் தொடங்கிவிட்டது என்றால் உள்ளே குழி விழுந்தாயிற்று, கிரீஸ் போட்டால் கொஞ்ச நாள் சத்தம் அமுங்கும், அவ்வளவுதான். அப்போது ஜாயிண்டையோ முழு ஆக்சிலையோ மாற்ற வேண்டும், இரண்டில் எது என்பது உங்கள் மாடலுக்கு ஜாயிண்ட் தனியாகக் கிடைக்கிறதா என்பதைப் பொறுத்தது. அதனால் ஒவ்வொரு சர்வீஸிலும் நாலு பூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள், ரப்பர் விலையோடு முடியும் வேலை ஆக்சில் விலைக்கு ஏறாமல் இருக்கும்.

பிரேக் பேட் மாத்தி ஒரு வாரம்தான் ஆகுது, இப்போ திரும்பினா நறநறங்குது

டிஸ்குக்குப் பின்னால் ஒரு மெல்லிய தகடு இருக்கும், டஸ்ட் ஷீல்டு. வேலை செய்யும்போது கை பட்டோ ஜாக்கி பட்டோ கொஞ்சம் வளைந்தால் டிஸ்கைத் தொடும், திரும்பும்போது ஹப் (சக்கரம் மாட்டும் பாகம்) சற்று அசைவதால் அப்போது மட்டும் உரசும். டிஸ்கிலிருந்து விலகும்படி கையாலேயே இழுத்துவிட்டால் நிற்கும். மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் ஜல்லி சிதறிக் கிடக்கிறது, அந்தக் கல் ஒன்று தகட்டுக்கும் டிஸ்குக்கும் நடுவில் மாட்டினாலும் இதே சத்தம்தான், காது கூசும்.

பேட் மாற்றாத வண்டி என்றால் முதலில் பேட் எவ்வளவு மீதம் என்று பார்க்க வேண்டும். மூன்று மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். ஒரு பேட் நன்றாக இருந்து அதன் ஜோடி மட்டும் இரும்பு வரை தேய்ந்திருந்தால் கேலிப்பரின் (பேட்டை டிஸ்கோடு அழுத்தும் பாகம்) பின் இறுகிவிட்டது என்று அர்த்தம், பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போடாமல் புதுப் பேட் போட்டால் அதுவும் அப்படியே போகும்.

வண்டி நின்ன இடத்துலயே ஸ்டியரிங்கைத் திருப்பினா 'டங்'குனு ஒரு சத்தம்

சக்கரம் சுற்றவே இல்லை, அதனால் வீல் பேரிங், ஆக்சில், பிரேக் மூன்றையும் விட்டுவிடலாம். ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்டில் ஒரு சின்ன பேரிங் இருக்கிறது, ஸ்டியரிங்கோடு சேர்ந்து ஸ்பிரிங் சுழல்வதற்கு. அது துரு பிடித்து இறுகினால் ஸ்பிரிங் சுழலாமல் முறுக்கிக்கொண்டு, தாங்க முடியாத இடத்தில் 'டங்' என்று விடும். ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்பட்டும், நீங்கள் ஸ்பிரிங் மேல் விரல் வைத்துப் பாருங்கள், விரலை மடிப்புகளுக்கு நடுவே மட்டும் விட்டுவிடாதீர்கள். ஸ்பிரிங் தொடர்ந்து சுழலாமல் நின்று நின்று குதித்தால் மவுண்டுதான்.

டங் இல்லாமல் கிறீச் கிறீச் என்று முனகல், ஸ்பீடு பிரேக்கரிலும் வருகிறது என்றால் பால் ஜாயிண்ட் அல்லது லோயர் ஆர்மின் (சக்கரத்தை அடியில் பிடிக்கும் கை) ரப்பர் புஷ். புஷ் அவசரமில்லை. பால் ஜாயிண்ட் அப்படியல்ல, ஏன் என்று திருச்சிக் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

ஸ்டியரிங் திருப்பினா ஙொய்ங்னு கத்துது. ஆயில் ஊத்தினா சரியாயிடுமா?

முதலில் உங்கள் வண்டியில் அந்த ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது வரும் சின்னக் கார்களில் மோட்டார் வைத்த எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங்தான், அதில் ஊற்ற ஒன்றும் இல்லை. பழைய இன்னோவா, இண்டிகா, 2010-ல் வந்த முதல் ஃபிகோ மாதிரி வண்டிகளில் பம்பும் ஆயில் டப்பாவும் இருக்கும். டப்பாவில் அளவு குறைந்திருந்தால் பம்ப் காற்றை இழுத்துக் கத்தும். மூடியில் எழுதியிருக்கும் வகை ஆயிலை மட்டும் ஊற்றுங்கள், தவறியும் பிரேக் ஆயில் ஊற்றிவிடாதீர்கள், சீல் எல்லாம் ஊறிக் கெட்டுவிடும்.

ஆயில் தானாகக் குறையாது. ஊற்றிச் சத்தம் நின்றாலும் ஒழுகல் எங்கே என்று பார்த்தே ஆக வேண்டும், ஹோஸ், பம்ப் சீல், ராக்கின் (ஸ்டியரிங் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகம்) இரண்டு முனை ரப்பர். அளவு சரியாக இருந்தும் கத்தினால் பம்பை ஓட்டும் பெல்ட் தளர்வா என்று பாருங்கள், அப்புறம் பம்புக்கு வரலாம். பார்க்கிங்கில் ஸ்டியரிங்கைக் கடைசி வரை திருப்பி அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், பம்புக்கு அதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது.

மால் பேஸ்மெண்ட்ல திரும்பும்போது மட்டும் கிறீச்சுனு கத்துது, வெளிய வந்தா இல்ல

பெயிண்ட் அடித்த வழவழப்பான தரையில் டயர் வழுக்கும் சத்தம். பக்கத்து வண்டியையும் கவனியுங்கள், அதுவும் கத்தும். ஒன்றும் செய்ய வேண்டாம்.

பெரிய டயர் போட்டேன், அதுக்கப்புறம் ஃபுல்லா திருப்பினா உரசுது. ஓட ஓட சரியாகும்னு கடைக்காரர் சொல்றார்

சரியாகாது. டயர் லைனரைத் தேய்த்து ஓட்டை போடும், அப்புறம் உரசல் நிற்கும், அதைத்தான் அவர் சரியாகும் என்கிறார். ஆள் ஏறிச் சுமை கூடும்போது இன்னும் மோசமாக உரசும், டயரின் ஓரம் அறுபடவும் வாய்ப்பு இருக்கிறது. கம்பெனி சொன்ன அளவுக்குத் திரும்புங்கள், அளவு விவரம் டிரைவர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும்.

மஹிந்திரா தார் ஜீப் வச்சிருக்கேன். திரும்பும்போது அடியில முனகி, வண்டி பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு

4 வீல் டிரைவ் லீவர் எதில் இருக்கிறது என்று பாருங்கள். 4எச்-சில் (நாலு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டு உலர்ந்த தார் ரோட்டில் ஓட்டினால் இப்படித்தான் இருக்கும். திரும்பும்போது முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வேறு வேறு தூரம் ஓட வேண்டும், இந்த வண்டிகளில் அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க நடுவில் டிஃபரன்ஷியல் இல்லை. 2எச்-சுக்கு (பின் சக்கரங்கள் மட்டும் ஓட்டும் நிலை) வாருங்கள். மணல், சேறு என்றால் மட்டும் 4எச்.

2எச்-சிலும் பின்னாலிருந்து கரகரத்தால் பின் டிஃபரன்ஷியல் ஆயிலின் அளவையும், அதில் இரும்புத் துகள் இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பேரிங் ஜி.பி. ரோட்ல வாங்கிக் கொடுக்கலாமா? புதுப்பேட்டையில பழைய ஆக்சில் பாதி விலைக்கு கிடைக்குதே?

சென்னையில் கார் பார்ட் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் நல்ல சாமானும் கிடைக்கும், போலியும் கிடைக்கும். பேரிங்கில் பெயர் பெற்ற கம்பெனிகளின் டப்பாவையே போலியாக அடிக்கிறார்கள், அதனால் விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் வாங்காதீர்கள். பில் கேளுங்கள், பில் கொடுக்கத் தயங்கும் கடையில் வேண்டாம். ஸ்டியரிங் எண்ட், பால் ஜாயிண்ட் எல்லாம் நம் ஊர் ரானே கம்பெனியே செய்கிறது, கார் கம்பெனி டப்பாவில்தான் வாங்க வேண்டும் என்று இல்லை.

பழைய பார்ட் விற்கும் புதுப்பேட்டையில் கதவு, கண்ணாடி, விளக்கு வாங்குங்கள். ஆக்சில் வாங்குவதானால் பூட் கிழியாமல், ஜாயிண்டை வளைத்துச் சுற்றும்போது கையில் தடங்கல் தெரியாமல் இருக்க வேண்டும். கழற்றிய வீல் பேரிங், பழைய பால் ஜாயிண்ட் இரண்டையும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள், பிரஸ்ஸில் வைத்துப் பிடுங்கும்போதே பேரிங் அடிபட்டுவிடும்.

பேரிங் மாத்தியாச்சு, ஆனா சத்தம் போகல. கூடவே ஏபிஎஸ் லைட் வேற எரியுது

நிறைய வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் இறுகி நிற்காமல் காக்கும் அமைப்பு) சென்சார் படிக்கும் காந்த வளையம் இருக்கும். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து உட்கார வேண்டும். திருப்பிப் போட்டுவிட்டால் லைட் எரியும், அதைக் கழற்றி மறுபடி போடவும் முடியாது, இன்னொரு புதுப் பேரிங்தான்.

சத்தம் போகாததற்குக் காரணம் பெரும்பாலும் பொருத்திய விதம். நக்கிளுக்குள் (பேரிங் உட்காரும் இரும்புப் பாகம்) பேரிங்கை இறக்கும்போது வெளி வளையத்தைத்தான் அழுத்த வேண்டும். உள் வளையத்தை அழுத்தினாலோ சுத்தியலால் அடித்தாலோ மொத்த அழுத்தமும் உருளைகள் வழியாகப் போய்ப் பாதையில் தழும்பு விழும், புதுப் பேரிங் முதல் நாளே உறுமும். அதனால் ஹைட்ராலிக் பிரஸ் இருக்கிறதா என்று வண்டியை விடுவதற்கு முன்பே கேளுங்கள். பழைய ஹப் தேய்ந்திருந்தாலும் புதுப் பேரிங் நிற்காது. ஆக்சில் நட்டு புதிதாகப் போட்டு, கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். இவை எல்லாம் சரி, ஆனாலும் அதே சத்தம் என்றால் மாற்றியது தவறான பக்கம், அல்லது மேலே சொன்ன டயர்.

பார்ட் மாத்தின பிறகு வீல் அலைன்மெண்ட் செய்யணுமா?

லோயர் ஆர்ம், ஸ்டியரிங் எண்ட், ஷாக் அப்சார்பர் கழற்றினால் கட்டாயம். ஆக்சில் மட்டும் மாற்றினால் எதைக் கழற்றினார்கள் என்று கேளுங்கள், ஷாக் அப்சார்பரை நக்கிளோடு பிடிக்கும் போல்ட்டைத் தொட்டிருந்தால் செய்துவிடுங்கள்.

எலக்ட்ரிக் கார்லயும் இதெல்லாம் வருமா?

வரும். இன்ஜின் சத்தம் இல்லாததால் சின்ன உறுமல்கூடச் சீக்கிரம் கேட்கும், அது ஒரு வசதி. பிரேக் விஷயத்தில் மட்டும் ஒரு வித்தியாசம்: காலை எடுத்தாலே மோட்டார் வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் பேட் அதிகம் தேயாது, டிஸ்கில் துரு தங்கிவிடும். அவ்வப்போது பாதுகாப்பான இடத்தில் கொஞ்சம் அழுத்திப் பிரேக் போட்டு அதைத் துடைத்துவிட வேண்டும்.

லோயர் ஆர்ம், ஸ்ட்ரட், ராக், எல்லாத்தையும் மாத்தணும்னு எஸ்டிமேட் போட்டிருக்காங்க. நம்பலாமா?

ஒரு சத்தத்துக்கு அத்தனை பார்ட்டும் ஒரே நாளில் காரணமாக இருப்பது அரிது. 'அண்ணே, தூக்கிக் காட்டுங்க' என்று மரியாதையாகக் கேளுங்கள். கிழிந்த ரப்பர் கண்ணுக்குத் தெரியும், பால் ஜாயிண்டின் ஆட்டத்தைக் கம்பி போட்டு நெம்பிக் காட்டலாம், பேரிங்கின் நடுக்கத்தை உங்கள் விரலாலேயே உணரலாம். வேலை தெரிந்த மெக்கானிக் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். காட்டியதில் எது சத்தத்துக்குக் காரணம், எது வயதாகிவிட்டதால் சொல்வது என்று பிரித்துக் கேட்டு, முதலாவதை மட்டும் முதலில் செய்யச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பார்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

மெக்கானிக் ஓட்டினா மட்டும் சத்தமே வர மாட்டேங்குது, என்ன பண்றது?

உங்களுக்குச் சத்தம் வரும்போது இருந்த நிலையை அவருக்கும் உண்டாக்க வேண்டும். பின் சீட்டில் ஆள் இருக்கும்போது வரும் சத்தம் காலி வண்டியில் வராது, டயர் உரசல் பெரும்பாலும் அப்படி. இருபது நிமிடம் ஓடிச் சூடானபின் வருவது ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு ரவுண்டு அடித்தால் வராது. காலையில் முதல் தடவை மட்டும் வருகிறது என்றால் முந்தின நாள் இரவே வண்டியை விட்டுவிடுங்கள், காலையில் அவர்களே ஸ்டார்ட் செய்யட்டும். மற்றபடி நீங்கள் ஓட்டுங்கள், மெக்கானிக் பக்கத்தில் உட்காரட்டும், உங்களுக்கு வழக்கமாகச் சத்தம் வரும் அந்தத் திருப்பத்துக்கே அழைத்துப் போங்கள். பதிவு செய்த ஆடியோவை ஜாப் கார்டு எழுதும்போதே போட்டுக் காட்டி, எந்த வேகம், எந்தப் பக்கம், எத்தனை பேர் இருந்தோம் என்று கார்டில் எழுதச் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.